என் நாத்தனாரின் ஆணி

என் வீட்டுக்காரருக்குப் பகலில் ஒயரிங் வேலை, சாயங்காலத்தில் பிரசங்கம். இரண்டும் ஒன்றுதான் என்பார். "இந்தப் பக்கம் சுவிட்சைப் போட்டா அந்தப் பக்கம் விளக்கு எரியணும். தீர்க்கதரிசிங்க போட்டது சுவிட்சு, சுவிசேஷத்துல எரியிறது விளக்கு. நடுவுல ஓடுற ஒயரைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை." கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு நான் வாயைப் பிளந்தது உண்மை. இப்போதும் வாயைப் பிளக்கிறேன், கொட்டாவி விட. ஆனால் நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி இல்லை, அவருடைய தங்கையைப் பற்றி.

எங்கள் வீட்டின் முன்பகுதிதான் ஜெபக்கூடம். இரண்டு அறைகளுக்கு நடுவில் இருந்த சுவரை இடித்து ஒன்றாக்கியது. பிளாஸ்டிக் நாற்காலிகள், கடகடவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி, கடைசி வரிசைக்குப் பின்னால் நாத்தனாரின் அறைக்குப் போகும் கதவு. மேடைக்குப் பின்னால் சுவரை அடைத்தபடி ஒரு பிளைவுட் பலகை. அதில் இடது ஓரம் முழுக்க ஆணிகள், ஆணிக்கு ஒரு தீர்க்கதரிசன வாக்கியம். வலது பக்கம் சுவிசேஷச் சம்பவங்களுக்கு ஆணிகள். இடையில் நூல். மீகாவிலிருந்து பெத்லகேமுக்கு ஒன்று. சகரியாவிலிருந்து கழுதைக்குட்டிக்கு ஒன்று. வாய் திறக்காத ஆட்டைப் பற்றிச் சொன்ன ஏசாயாவிலிருந்து, பிலாத்துவின் முன்னால் பேசாமல் நின்றவருக்கு ஒன்று. பிறப்புக்கு மஞ்சள், பயணத்துக்குப் பச்சை, சிலுவைப் பாடுகளுக்குச் சிவப்பு. தூரத்தில் இருந்து பார்த்தால் பாதியில் நிறுத்திவிட்ட பாய் மாதிரி இருக்கும்.

நூல் கொடுத்தது என் நாத்தனார்தான். அவள் தையல்காரி. அப்போது கல்யாணமாகி வேறு வீட்டில் இருந்தாள். வரும்போதெல்லாம் மிச்ச நூல்கண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். சிலுவையடியில் சேவகர்கள் சீட்டுப் போட்டார்களே, தையலில்லாத அங்கி, அதற்குச் சங்கீதத்திலிருந்து சிவப்பு நூல் கட்டிய அன்று, "தையலே இல்லாத அங்கியா? அப்ப எங்க பொழப்பு என்ன ஆகறது அண்ணா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாள். அவள் சிரிப்பு தெருவுக்குக் கேட்கும். அந்த நாளில் பலகையில் எங்கள் சபை மனுஷர் யாரும் இல்லை. எழுதியிருந்ததும் நடந்ததும் மட்டும்தான் இருந்தன. அதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும், பொய் சொல்வானேன்.

கெடுத்தது எங்கள் சபைக் கொத்தனார். சாரத்திலிருந்து மணல் குவியலில் விழுந்து ஒரு சிராய்ப்போடு எழுந்து வந்தார். எலும்புகளில் ஒன்றும் முறியாது என்று சங்கீதத்தில் இருக்கிறது. இயேசுவின் எலும்பு முறிக்கப்படாததை யோவான் அதோடு சேர்த்துக் காட்டுகிறார். என் வீட்டுக்காரர் அந்தச் சிவப்பு நூலை இன்னும் கொஞ்சம் நீட்டி, புதிதாக ஓர் ஆணி அடித்து, கொத்தனாரின் தலையில் கட்டிவிட்டார். கூடமே அழுதது. அன்றிலிருந்து கொத்தனார் இடுப்பில் கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டார். அடுத்த தடவை விழுந்தபோது மணிக்கட்டு இரண்டாகப் போனது. "வசனம் அன்னைக்கு விழுந்ததுக்குத்தான்" என்று இவர் பூசி மெழுகினார். அதற்கும் ஆமென் சொன்னார்கள், கொத்தனார் உட்பட.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஆணி வேண்டும் என்று வந்து நின்றார்கள். மூன்றாவதாக ஒரு வரிசை முளைத்தது. எனக்கும் ஒன்று. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை பெறாதவளே, மகிழ்ந்து பாடு என்ற ஏசாயாவிலிருந்து, வயதான காலத்தில் பெற்ற எலிசபெத்துக்கு, அங்கிருந்து எனக்கு, மஞ்சள் நூல். டாக்டர் கையை விரித்துப் பல வருஷம் ஆகிறது. தலை நரைத்துவிட்டது. சபையார் விடுவதாக இல்லை. எலிசபெத்துக்கும் வயசாகித்தானே பிறந்தது! எனக்கு நரைக்க நரைக்க வசனம் இன்னும் நன்றாகப் பொருந்துகிறதாம். கூட்டத்துக்கு வருகிற பெண்கள் முதலில் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரித்து வைப்பேன். போதகர் பெண்டாட்டி வேறு என்ன செய்வாள்?

இந்த நிலைமையில்தான் நாத்தனாரின் புருஷன் காய்ச்சல் என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம். தையல் மிஷினோடு அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தின் பின்னறையில் தங்கினாள். சும்மா கொஞ்ச நாளைக்கு, அழுது முடிக்கும் வரைக்கும் என்றுதான் வந்தாள். ஒருநாள் காலையில் நான் சமையலறையில் இருக்கும்போது கூடத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் இவர் கண்ணீரோடு நிற்கிறார். "அன்னாள்! நம்ம வீட்டுலயே அன்னாள்!"

லூக்காவில் வருகிறாளே அந்த அன்னாள்தான். புருஷனோடு ஏழு வருஷம் வாழ்ந்தவள், பிறகு விதவையாகி, தேவாலயத்தை விட்டு நீங்காமல் சாகும் வயது வரைக்கும் ஜெபம் செய்துகொண்டே இருந்தவள். ஆயுசு முழுக்கக் கர்த்தருடைய வீட்டில் தங்கியிருக்க ஆசைப்படுகிற சங்கீதத்திலிருந்து அவளுக்கு, அவளிடமிருந்து என் நாத்தனாருக்கு. நூலை இவர் அவளிடமே கேட்டு வாங்கினார். அவள் அழுது வீங்கிய முகத்தோடு, எதற்கு என்றுகூடக் கேட்காமல், நூல் பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

யாரும் அவளைப் பூட்டி வைக்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பூட்டியிருந்தால் உடைத்திருக்கலாம். எல்லாரும் அன்பாக இருந்தார்கள், அதுதான் தொல்லை. பட்டன் வாங்கக் கடைக்குக் கிளம்பினால் வழியில் யாராவது சபையார் மறிப்பார்கள். "அன்னாளம்மா, நீங்க ஏன் வெளிய வந்தீங்க? குடுங்க, நான் வாங்கிட்டு வர்றேன்." துணி தைக்கக் கொடுப்பவர்கள் அறைக்கே வந்து அளவு கொடுத்தார்கள். பலகாரம் வந்தது, பழம் வந்தது, ஜெப விண்ணப்பம் வந்தது. சினிமாப் பாட்டு முணுமுணுத்தால், "அன்னாளா பாடறது?" என்று ஒரு சிரிப்பு. தோழி வீட்டுக்கு ஒருநாள் போய் வந்தாள். அன்று சாயங்காலக் கூட்டத்தில் அன்னாள் இல்லாத கூடம் வெறிச்சென்று இருந்ததாக இவர் கண் கலங்கிப் பேசினார். திட்டியிருந்தால் அவளும் பதிலுக்குத் திட்டியிருப்பாள். அழுகிற ஆளை என்ன செய்வது? அதோடு போவது நின்றது. தெரு முனை, பக்கத்துக் கடை, வாசற்படி என்று அவள் உலகம் சுருங்கிக்கொண்டே வந்தது. சிரிப்பும் சுருங்கிச் சுருங்கி நின்றே போனது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட நான் ஒருத்திதான் மிச்சம்.

இப்படியே அவளுக்கு நாற்பது தாண்டியது. அப்போதுதான் மிஷின் மெக்கானிக் வந்தார்.

தையல் விட்டு விட்டு விழுகிறது என்று கூப்பிட்டோம். மெக்கானிக்குக்குக் கல்யாணம் ஆகவில்லை, பேச்சு மட்டும் ஓயாது. ஊசியைக் கழற்றிக்கொண்டே தன் வீட்டுக் கதையைச் சொன்னார். மூன்றாவது மாடி. எதிரே பஸ் டிப்போ. பால்கனியில் நின்றால் அழுக்காகப் போகிற பஸ் குளித்துவிட்டு வருவது தெரியும். "குளிச்சிட்டு வர்ற பஸ்ஸுக்கு முகத்துல ஒரு களை இருக்குங்க, நீங்க பாத்ததில்லையே?" என்றார். என் நாத்தனார் சிரித்தாள். எத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேன் அந்தச் சத்தத்தை!

அப்புறம் நன்றாக ஓடுகிற மிஷின் அடிக்கடி ரிப்பேர் ஆனது. எனக்கென்ன கண் இல்லையா? ஒருநாள் அவளே வந்து அடுப்படியில் நின்றாள்.

"அண்ணி, அவர் கேக்கறாரு. கல்யாணம்."

"நீ என்ன சொன்ன?"

"பால்கனிக்குக் கதவு எந்தப் பக்கம்னு கேட்டேன்."

"அடி இவளே! ஆளைப் பத்திக் கேக்காம கதவைப் பத்தியா கேட்ட?"

"ஆளும் நல்லவர்தான் அண்ணி. ஆனா எனக்கு அந்தக் கதவு வேணும். தொறந்தா யாருக்கும் என்னைத் தெரியாத ரோடு தெரியணும். அவ்வளவுதான்."

மெக்கானிக் யோக்கியர். முறைப்படி அண்ணனிடம் கேட்காமல் செய்யமாட்டேன் என்றுவிட்டார். கேட்டார். என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. "தேடிப் பாக்கறேன் தம்பி" என்றார். சில நாள் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் வேதத்தோடு உட்கார்ந்தார். பிறகு முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். கிடைத்துவிட்டது! உறுதியான இடத்தில் ஒருவனை ஆணியாக அடிப்பேன் என்று ஏசாயாவில் இருக்கிறது. தண்ணீர்க் குடம் சுமந்துபோன ஒரு மனுஷன் சீஷர்களை மேலறை இருக்கும் வீட்டுக்குக் கூட்டிப்போனதாகச் சுவிசேஷத்தில் இருக்கிறது. ஆகவே மாப்பிள்ளை இந்த வீட்டில் அடிக்க வேண்டிய ஆணி. ஆகவே நம் வீட்டுக்கும் மேலறை வேண்டும். மாடியில் ஓர் அறை கட்டி இரண்டு பேரும் இங்கேயே இருக்கலாம், அன்னாளும் ஆலயத்தை விட்டு நீங்க வேண்டியதில்லை.

மெக்கானிக் ஓவென்று அழுதார். "எனக்குன்னு ஒருத்தர் உக்காந்து தேடினதே இல்ல ஐயா" என்றார். தனியாகவே இருந்த மனுஷன். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, வந்திருந்தால் தேவலை. அடுத்த கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார், பால்கனியோடு. கொத்தனார் மாடியில் சுவர் எழுப்ப வந்தார். இவரும் மெக்கானிக்கும் கூட நின்று வேலை செய்தார்கள். வீட்டில் எல்லாருக்கும் கொண்டாட்டம், கல்யாணப் பெண்ணைத் தவிர.

அவள் மெக்கானிக்கிடம் பேசிப் பார்த்தாள். "இவ்வளவு அன்பான அண்ணனை விட்டுட்டு எங்க போறது?" என்று அவளுக்கே புத்தி சொன்னார். பிறகு ஒரு மத்தியானம் அவள் கூடத்துக்கு வந்து பலகைக்கு முன்னால் நின்றாள். இவர் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, யோசேப்பு எதுக்கு எகிப்துக்குப் போனார்?"

"இது என்ன கேள்வி? எகிப்திலேர்ந்து என் பிள்ளையைக் கூப்பிட்டேன்னு ஓசியா சொன்னது நிறைவேறத்தான்."

"இல்லண்ணா. ஏரோது பிள்ளையக் கொன்னுடுவான்னு சொப்பனத்துல கேட்டு, அலறிப் புடைச்சிக்கிட்டு ஓடினார். ஓடும்போது அவர் ஓசியாவை நெனச்சிருப்பாரா? பிள்ளை அழுதா யாருக்காவது கேட்டுடுமோன்னுதான் நெனச்சிருப்பார். மத்தேயு பின்னாடி உக்காந்து யோசிச்சு, அட, இதுதானே அதுன்னு எழுதினார். நடந்த பிறகு பொருத்திப் பாக்கறது வேற. நீங்க முதல்ல ஆணி அடிச்சிட்டு அப்புறம் என்னை அதுல மாட்டறீங்க."

அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. துடைத்துக்கொண்டிருந்த துணி இவர் கையிலேயே நின்றது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இவர் அவள் தலையில் கையை வைத்தார்.

"நீ இப்படி முறுமுறுப்பேன்னும் எழுதியிருக்கும்மா. எகிப்தை விட்டு வந்த ஜனங்களும் வனாந்தரத்துல இப்படித்தான் முறுமுறுத்தாங்க. கர்த்தர் அவங்களைக் கைவிட்டாரா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணி, நான் வாயத் தொறந்தாலும் வசனம், மூடினாலும் வசனம். இனிமே நான் எதைப் பண்றது?" என்றாள். அதற்கும் இவரிடம் ஒரு வசனம் இருந்தது. நான் முறைத்த முறைப்பில் அதைச் சொல்லாமல் விட்டார்.

லீவில் வரும்போது அவளிடம் துணி தைக்கக் கொடுக்கிற ஒருத்தி வேறு ஊரில் ரெடிமேட் கம்பெனியில் சூப்பர்வைசர். ஆள் எடுக்கிறார்கள், தங்க ஹாஸ்டல் உண்டு என்று முன்பே சொல்லியிருந்தாள். நாத்தனார் இதை என்னிடம் சொன்னபோது யோசனை கேட்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் "போ" என்றேன். மெக்கானிக்கை நினைத்து அவள் கொஞ்சம் அழுதாள். "அவரை எனக்குப் பிடிக்கும் அண்ணி. ஆனா அவர் வெளியில இருந்தவர். இப்ப உள்ள வந்துட்டாரே" என்றாள்.

மாடியில் டிரில்லிங் வேலை நடந்த ஒரு காலையில் கிளம்பினோம். சுவரைத் துளைக்கிற சத்தத்தில் கீழே என்ன விழுந்தாலும் கேட்காது. மிஷினின் மேல்பாகத்தை மட்டும் கழற்றிப் போர்வையில் சுற்றி ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். என்ன கனம்! கட்டில் காலில் நான் இடித்துக்கொண்டது இன்னும் வலிக்கிறது. தெருவில் ஒரு சபைக்காரி பிடித்துக்கொண்டாள்.

"அன்னாளம்மா எங்க கெளம்பிட்டாங்க?"

"மிஷின் ரிப்பேரு" என்றேன்.

"வீட்டுக்குள்ளயே மெக்கானிக்க வச்சிக்கிட்டா?"

"அவர் கை வச்சுத்தான் ரிப்பேரே ஆச்சு."

நாத்தனாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பயத்தில் கை சில்லென்று இருக்கிறது, சிரிக்கவும் செய்கிறாள். பஸ் ஸ்டாண்டில் மிஷினை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பஸ் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தது. "களையா இருக்கா அண்ணி?" என்று கேட்டாள். பிறகு ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் வாங்களேன்."

"எனக்கு ஊசியில நூல் கோக்கக் கூடத் தெரியாதுடி" என்றேன். பஸ் கிளம்பிவிட்டது. வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கு வரை யோசிக்கிறேன்.

வீட்டில் பூகம்பம் வரும் என்று எதிர்பார்த்து, சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. மெக்கானிக் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். என் வீட்டுக்காரர் அழுதார், பிறகு பலகை முன்னால் போய் நின்றார். தினமும் சாயங்காலம் நின்றார். எனக்குள் ஒரு நப்பாசை. இந்த ஒன்றுக்காவது எதுவும் அகப்படாமல் போகட்டும், கர்த்தரே, என்று அவர் முதுகுக்குப் பின்னால் நானும் ஜெபம் செய்தேன். எதிர் ஜெபம்.

கிடைத்துவிட்டது. அவளே வாயால் சொல்லிவிட்டுப் போனாளாம். எகிப்து! "அவ எகிப்துக்குப் போயிருக்கா. எகிப்திலேர்ந்து கூப்பிட்டேன்னு எழுதியிருக்கே. அப்ப கட்டாயம் வருவா." பயணத்துக்குப் பச்சை. அவள் விட்டுப்போன பெட்டியில் பச்சை நூல்கண்டு இருந்தது. ஓசியாவிலிருந்து அவள் ஆணிக்கு இழுத்துக் கட்டினார். தளர்வாகக் கட்டுகிற பழக்கம் இவருக்கு இல்லை. மெக்கானிக் எழுந்து வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாடி வேலையைத் தொடரலாம் ஐயா என்றார். அறை தயாராக இருக்க வேண்டுமே, அவள் வரும்போது.

அவளிடமிருந்து போன் வந்தபோது நான் கூடம் பெருக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் மிஷின்கள் ஓடுகிற இரைச்சல். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

"அண்ணி, எனக்கு என்ன வசனம் போட்டாரு?"

நிமிர்ந்து பார்த்தேன். பச்சை நூல் என் தலைக்கு மேலேயே போகிறது.

"ஒண்ணும் போடல" என்றேன்.

"என்னண்ணி சொல்றீங்க?"

"தேடு தேடுன்னு தேடினாரு. ஒண்ணும் பொருந்தல. நூலை அவுத்துட்டாரு. உன் ஆணி சும்மாதான் இருக்கு."



"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் அழுதாள். அழுகை நடுவில் சிரிப்பாக மாறியது. அந்தப் பழைய சிரிப்பு, தெருவுக்குக் கேட்கிற சிரிப்பு. "அப்ப இனிமே நான் என்ன செஞ்சாலும் அது சும்மா நான் செஞ்சதுதானே அண்ணி?" என்றாள். இன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் காரணமே இல்லாமல் தெருத்தெருவாகச் சுற்றப் போகிறாளாம். "நல்லா சுத்து" என்றேன். வேதம் வைத்திருக்கும் மேடைக்கு எதிரே நின்று சத்தியம் செய்து பொய் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஒரு வசனம் இருந்தால் எழுதிக்கொள்ளட்டும்.

"உங்க ஆணி அண்ணி?" என்று கேட்டாள்.

"அது கெட்டியா இருக்கு. நீ வேலையப் பாரு" என்று போனை வைத்தேன்.

மாடியிலிருந்து மெக்கானிக் குரல் கொடுத்தார். "அக்கா, ஒயரிங் முடிஞ்சிடுச்சு! கீழ சுவிட்சைப் போடுங்க, எரியுதான்னு பாக்கலாம்!"

துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் போய்ப் போட்டேன்.

"எரியுது!" என்று மேலே இவரும் மெக்கானிக்கும் ஒன்றாகக் கத்தினார்கள்.